குரல் கம்மிவிட்டது; பாடகர் குழுவிலிருந்து விலகிவிடட்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 46 வயதுப் பெண்மணி. இராயபுரம் பக்கத்தில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியொன்றில் ஆசிரியை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விலக்கிவிட்டு அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பதினேழு பேர் கொண்ட சிறிய பாடகர் குழுவொன்றில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல் பகுதி, பாடி வருகிறார். அந்தக் குழுவில் இசையைத் தொழிலாகக் கொண்டவர் எவருமில்லை. இரவு ஷிப்டு முடித்து அப்படியே பயிற்சிக்கு வரும் நர்ஸ், துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை, காசிமேட்டில் மீன் ஏலம் கூவும் ஒருவர், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கொயர் மாஸ்டர் என்று எல்லோரும் அன்றாடப் பிழைப்புக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்து பாடுகிறவர்கள். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனையில் ஒன்றரை மணி நேரம், இடையிடையே கல்யாணம், துக்க வீடு, டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து, அதாவது மூன்று மாதங்களாக, அவருடைய குரல் கம்மியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் பேச்சே எழும்புவதில்லை. ஞாயிறு காலை கொஞ்சம் தெளிகிறது. மேல் ஸ்தாயியில் மெதுவாகப் பாடும் இடங்களில் காற்று மட்டும் வருகிறது. தனியார் கிளினிக் ஒன்றில் தொண்டையைப் பார்த்துவிட்டு, "முடிச்சு இருக்கிறது, அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணிவிடலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார்கள்; அறிக்கையோ படமோ தரவில்லை. கொயர் மாஸ்டர் அவரைப் பெண்களின் கீழ்க்குரல் பகுதியான ஆல்ட்டோ வரிசைக்கு மாறச் சொன்னதும், வழக்கமாக அவர் பாடும் தனிப்பாட்டைக் கல்லூரி மாணவி ஒருத்திக்குக் கொடுத்ததும் அவரை மிகவும் வருத்தியிருக்கின்றன. "பாட்டுத்தான் என் தொண்டையைக் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே விலகிவிடட்டுமா? ஆபரேஷன் செய்தால் மறுபடியும் பாட முடியுமா? இது புற்றுநோயாக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

தொண்டை மருத்துவனாக உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடிதத்தின் நான்காம் பக்கத்தில், உங்களைத் தேற்றிக்கொள்வதற்காகப் போகிற போக்கில் வேறொருவரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொண்டையைவிட அந்த இரண்டு வரிகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தன. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன்; தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

குரல் எங்கே தேய்கிறது?

பாட்டுத்தான் தொண்டையைக் கெடுத்தது என்ற முடிவை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள்; அது நான்கு மணி நேரம். மாலையில் வீட்டில் இரண்டு மணி நேரம் டியூஷன். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் முப்பது மணி நேரம் ஆகிறது. பாடகர் குழுவில் நீங்கள் செலவிடுவது மொத்தம் மூன்றரை மணி நேரம். அதிலும் ஆண்களின் மேல்குரலான டெனரும் கீழ்க்குரலான பாஸும் தங்கள் பகுதியைப் பழகும்போது நீங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் ஒன்றோடொன்று மோதி அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது பெண்களுக்கு அவை நொடிக்குச் சுமார் 200 முறை மோதுகின்றன. அப்படியானால் இடைவிடாத ஒரு மணி நேரப் பேச்சு என்பது ஏழு லட்சத்து இருபதாயிரம் மோதல்கள். உரக்கப் பேசினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் கடுமையாகிறது. துடுப்புப் பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவதுபோல, நாண்கள் மிக அதிகமாக மோதுகிற இடத்தில், அதாவது முன்பகுதி மூன்றில் ஒரு பங்கும் நடுப்பகுதியும் சந்திக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் தடிப்பு ஏற்படுகிறது. "முடிச்சு" என்று உங்களிடம் சொல்லப்பட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆசிரியைகளிடமும் பாடகிகளிடமும் நாங்கள் அடிக்கடி காண்பது இது. இந்தத் தடிப்பு புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை.

உங்கள் வகுப்பறை சாலையை ஒட்டியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் லாரிச் சத்தம், மூடினால் வெக்கை, மின்விசிறி வேறு கடகடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்திவிடுவதை எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுத் தொண்டை மருத்துவர் 1911-இல் எழுதி வைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கத்த வேண்டாம் என்று எவ்வளவு உறுதி எடுத்துக்கொண்டாலும் இரைச்சலுக்கு நடுவில் அந்த உறுதி நிற்காது. ஆகவே இதை உங்கள் மனவுறுதியிடம் விட்டுவிடாதீர்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கியும் தலையில் மாட்டும் மைக்கும் இப்போது பல ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். தலைமையாசிரியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கரும்பலகைக்குச் சாக்பீஸ் போல அது உங்கள் வேலைக்கு வேண்டிய கருவி. டியூஷனைச் சில வாரங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்றும் பாருங்கள். அந்த வருமானம் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நிறுத்தச் சொல்லவில்லை.

வாரம் முழுக்கப் பேசினால் மோசமாவதும் ஓய்வு கிடைத்தால் தெளிவதுமாக உங்கள் குரல் ஏறி இறங்குவது நல்ல அறிகுறி. உழைப்பால் வந்த தடிப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனாலும் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் குரல் நாண்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் துறையின் அடிப்படை விதி. உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒருமுறை பார்த்தாகிவிட்டதே என்பீர்கள். பார்த்ததற்குச் சான்று எதுவும் உங்கள் கையில் இல்லையே.

ஆபரேஷனுக்கு அவசரமில்லை

தடிப்பு என்றால் முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். பேச்சு, குரல் பயிற்சியாளரிடம் வாரம் ஒருமுறை வீதம் இரண்டு மூன்று மாதம் சென்று, அவர் சொல்வதை வீட்டிலும் செய்தால் பெரும்பாலோருக்குத் தடிப்பு கரைந்துவிடும், அல்லது பாட்டுக்குத் தடையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். பேசும் முறையை மாற்றாமல் அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டால், அதே வகுப்பறைக்குத் திரும்பியதும் அது மறுபடியும் முளைக்கும். நாணின் மேல்தோல் மிக மெல்லியது. அதில் தழும்பு விழுந்தால் பாட்டுக்குரிய நெகிழ்ச்சி முழுமையாகத் திரும்பாமல் போகவும் கூடும்.

இருப்பது தடிப்பு இல்லாமல் பாலிப் என்னும் சதை வளர்ச்சியாகவோ நீர்க்கட்டியாகவோ இருந்தால் கதை வேறு. அவற்றுக்கு நுண்நோக்கி வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்குப் பின்னும் பலர் நன்றாகப் பாடுகிறார்கள். எது என்று தெரியாமல் தேதி குறிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்தக் கிளினிக்கில் எழுத்து மூலமாக உங்கள் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

உங்களுக்கு மிக அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். பரிசோதனையை நினைத்துப் பயப்படாதீர்கள். மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, மெல்லிய குழாயை மூக்கு வழியாகவோ, கோல் போன்ற கருவியை வாய் வழியாகவோ செலுத்தி, "ஈ" என்று நீட்டிச் சொல்லச் சொல்வார்கள். திரையில் இரண்டு வெண்ணிறப் பட்டைகள் கூடிக் கூடிப் பிரிவதை நீங்களே பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடிய கருவியை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும்போது பாடகர்கள் நெகிழ்ந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கையோடு தைராய்டு பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்துவிடுங்கள். உங்கள் வயதில், உடம்பு பருத்து அசதியாகவும் இருப்பதாகச் சொல்வதால், அதையும் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டு வைத்தியமும் கடை மாத்திரையும்

இஞ்சிச் சாறு, கற்பூரவல்லி, பனங்கற்கண்டு, மிளகுப் பால் என்று குழுவில் ஆளுக்கொன்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, உணவு பின்பக்கமாக உணவுக் குழாய்க்குள் இறங்குகிறது. இளஞ்சூடான பானம் தொண்டைக்கு இதமளிக்கும், தேன் இருமலைக் குறைக்கும். அந்த அளவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். நாண்களுக்கு ஈரம் போவது நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் தண்ணீரால்தான். அதுவும் இரத்தத்தின் வழியாக, சில மணி நேரம் கழித்து. பாடப்போகும் நேரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிப்பதால் பயனில்லை. பள்ளியில் கழிப்பறை வசதி சரியில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபோது வருத்தமாக இருந்தது. வடசென்னையில் எத்தனையோ ஆசிரியைகள் என்னிடம் சொன்ன வரி அது.

குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து வீட்டில் கிசுகிசுவென்று பேசுகிறீர்கள். பலருக்கு அப்படிப் பேசும்போது குரல்வளையின் மேல்பகுதித் தசைகள் இன்னும் இறுகுகின்றன. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில், மெல்ல, இயல்பான குரலில் பேசுங்கள். அடிக்கடி செருமுவதையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு செருமலும் நாண்களை அறைந்து மோதவிடுகிறது. செரும வேண்டும்போல் இருந்தால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

டியூஷன் முடித்து, சமைத்து, பத்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்கள். காலையில் வாய் கசக்கிறது. இரைப்பையின் அமிலம் இரவில் மேலேறி வந்து குரல்வளையின் பின்பகுதியை எரிச்சலூட்டுகிறது என்பதற்கு இது அறிகுறியாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் இருந்தால் நல்லது. உங்களால் அது முடியாது என்று எனக்குத் தெரிகிறது. பள்ளியிலிருந்து வந்தவுடன் ஆறு மணிக்கே முக்கால் வயிறு சாப்பிட்டுவிட்டு, இரவில் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று முயன்று பாருங்கள்.

ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் மருந்துக் கடையில் "குரல் திறக்கும் மாத்திரை" கேட்டு வாங்கிப் போட்டதும், அன்று குரல் வந்து மறுநாள் முற்றிலும் அடைத்துக்கொண்டதும் நடந்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தைச் சில மணி நேரம் வற்றவைத்து, காயம் பட்ட நாண்களை மேலும் உழைக்கவைத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். இனி மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஆல்ட்டோவுக்கு மாறுவது

இந்த இடத்தில் உங்கள் கொயர் மாஸ்டர் பக்கம்தான் நான் பேசுவேன். சொப்ரானோவின் உச்ச ஸ்வரங்களில் நாண்கள் நொடிக்கு எழுநூறு முறைக்கு மேல் அதிர வேண்டியிருக்கிறது. விளிம்பு தடித்திருக்கும்போது அந்த அதிர்வு எழும்பாது. எழுப்புவதற்காக நீங்கள் மேலும் அழுத்துவீர்கள், தடிப்பு மேலும் வளரும். ஆல்ட்டோவில் அந்த அழுத்தம் இல்லை. மூன்று மாதத்துக்கு அங்கே பாடுவதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காது சுருதி தவறாத காது. நடுக்குரலை நிதானமாகப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் அந்த வரிசையில் நிற்பது குழு முழுவதற்கும் பலம். தனிப்பாட்டு வாங்கிக்கொண்ட அந்த மாணவிக்கு மூச்சு எங்கே எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுந்தவர் அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆகவே, விலகாதீர்கள். விலகினால் உங்கள் குரலுக்கு வாரம் மூன்றரை மணி நேரம் மிச்சமாகும். மிச்சமுள்ள முப்பது மணி நேரம் அப்படியே இருக்கும். இழப்பதோ வாரம் முழுவதும் உங்களைத் தாங்குகிற ஒன்றை. "சனிக்கிழமை படியேறும்போதே தலைவலி இறங்கிவிடும்" என்று நீங்கள் எழுதியிருப்பதை மருத்துவனாகவும் நான் பொருட்படுத்துகிறேன்.

பயிற்சி அறையில் இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். கீபோர்டின் ஸ்பீக்கர் சொப்ரானோ வரிசையின் காலடியிலேயே இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை எதிர்ச் சுவருக்கு மாற்றி ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்தத்தான் செய்வார். நெருக்கியடித்து நிற்காமல் ஒரு கை அகலம் விட்டு நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதைச் செய்யுங்கள். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்து, "ஊ" என்று ஒலியெழுப்பியபடி ஊதுங்கள். குமிழிகள் சீராக வர வேண்டும். கன்னமும் உதடும் லேசாக அதிர்வது தெரியும். பிறகு அதே "ஊ"வைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் வழுக்கியபடி செய்யுங்கள். வாயில் உண்டாகும் எதிரழுத்தம் நாண்களை மென்மையாக மோதவைக்கும். முன்னேற்றத்தை அறியவும் ஒரு வழி இருக்கிறது. தெரிந்த பாட்டின் ஒரு வரியை மேல் ஸ்தாயியில் மிக மெல்லப் பாடிப் பாருங்கள். மெல்லப் பாடினால் வராமல் உரக்கப் பாடினால் மட்டும் வருகிறதென்றால் வீக்கம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

கேரலுக்குப் போகலாம். ஆனால் தெருவில் நின்று வண்டிச் சத்தத்துக்கு மேலே பாடுவதைத் தவிர்த்து, வீட்டுக்குள் பாடும் இடங்களில் மட்டும், ஓர் இரவுக்குப் பாதி வீடுகளில் பாடுங்கள்.

டெனர் பாடும் அண்ணன்

இனி அந்த இரண்டு வரிகள். "எங்கள் குழுவில் டெனர் பாடும் அண்ணனுக்கு மார்ச் மாதத்திலிருந்தே குரல் கரகரவென்றுதான் இருக்கிறது. ஏலம் கூவுகிற தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரிக்கிறார். நான்தான் சின்ன விஷயத்துக்குப் பயப்படுகிறேனோ?" என்று எழுதியிருக்கிறீர்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும் என்றும், மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் அவர் வீட்டில்தான் இருந்தார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

தடைக்காலம் என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. அவர் ஏலம் கூவவில்லை. கூவுவதால் வந்த கரகரப்பென்றால், உங்கள் குரல் ஞாயிறு காலையில் தெளிவதுபோல, அந்த இரண்டு மாத ஓய்வில் அவர் குரல் கொஞ்சமாவது தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. நீண்ட காலமாகப் பீடி பிடிக்கிறவருக்கு, ஓய்விலும் மாறாத கரகரப்பு ஆறு மாதமாக இருக்கிறதென்றால், குரல் நாணில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும்வரை நாங்கள் ஓய மாட்டோம். காசநோயும் குரல்வளையைத் தாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் வேண்டும். இவை எதுவுமில்லாமல் சாதாரணப் புகை வீக்கமாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

நம்பிக்கைக்கும் வலுவான காரணம் இருக்கிறது. குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் கதிர்வீச்சிலோ லேசர் சிகிச்சையிலோ பத்தில் ஒன்பது பேருக்கு, குரல்வளையை இழக்காமலேயே, குணமாகிறது. தள்ளிப்போட்டால்தான் கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம், காதுவரை பரவும் வலி என்று அது முற்றுகிறது. மூச்சு விடும்போது கொர்ரென்ற சத்தமோ திணறலோ இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதை எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். அவருடைய மனைவி உங்கள் பக்கத்திலேயே ஆல்ட்டோ பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அண்ணியிடம் தனியாகப் பேசுங்கள். பிறகு அவரிடம், துணைக்கு வரச் சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகாமல், "எனக்கும் பார்க்கணும், உங்களுக்கும் பார்க்கணும், ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்ணே" என்று நேராகவே சொல்லுங்கள். உங்கள் குரலும் கம்மியிருக்கிறது என்பதால் நீங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கூட்டம் அதிகம், அவரால் வர முடியாது. திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏலம் முடிந்த கையோடு அவர் குளித்துவிட்டு வந்தால் காலை வெளிநோயாளர் சீட்டு வாங்கும் நேரத்துக்கு ஸ்டான்லிக்கு வந்துவிடலாம். இருவரும் இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். அவருக்குக் குரல் மாறியது மார்ச் மாதம் என்பதையும், தடைக்காலத்திலும் தெளியவில்லை என்பதையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் சொல்லாமல் விட்டுவிடக் கூடும்.